சுவிஸ் மலைப்பக்கம் குடிவந்தவர்களுக்கு: ஓநாய், வேட்டை, காவல் நாய்

கிரவுபுண்டன், வாலிஸ் என்ற சுவிஸ் மலை மாநிலங்கள் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாடகை, மருத்துவக் காப்புறுதி பற்றி மற்றவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் பிறந்தால் வேலையிடத்தில் பாதிப் பேச்சு வேட்டைதான். கூடவே ஓநாயும் வரும்.

கிரவுபுண்டனில் வேட்டை பணக்காரர்களுக்கு மட்டுமானது இல்லை. தேர்வில் தேறி மாநிலத்திடம் அனுமதிச் சீட்டு வாங்கினால் தச்சரும் போகலாம், ஆசிரியரும் போகலாம். பலர் இதற்கென்றே விடுமுறையைச் சேர்த்து வைப்பார்கள். மான் இறைச்சி குளிர்காலம் முழுக்க வீட்டில் இருக்கும். அதனால் "பாவம், ஏன் சுடுகிறீர்கள்?" என்று முதல் நாளே கேட்டுவிடாதீர்கள்.

19ஆம் நூற்றாண்டில் இங்கே அழிந்துபோன ஓநாய் 1995இல் இத்தாலியிலிருந்து தானாகவே வந்தது. 2012இல் கூர் நகருக்குப் பக்கத்து கலாண்டா மலையில் முதல் கூட்டம் குட்டி போட்டது. அப்புறம் கூட்டங்கள் பெருகிவிட்டன. மான் குறையும், இடம் மாறும் என்பது வேட்டைக்காரர் கவலை. வனத்துறைக்காரரோ வேறு மாதிரிச் சொல்வார்: மான்கள் பெருகி இளம் மரக்கன்றுகளைக் கடித்துத் தின்றால், ஊருக்கு மேலே பனிச்சரிவைத் தடுக்கும் காடு வளராது; அதனால் மானைக் குறைக்கும் ஓநாய் காட்டுக்கு நல்லதுதான். இரண்டு பேரும் ஒரே மேசையில் காபி குடிப்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

இதற்கு மேல் வாக்குப்பெட்டி இருக்கிறது. ஓநாயைச் சுடுவதை எளிதாக்கும் சட்டத்தை 2020 செப்டம்பரில் 51.9 வீதம் பேர் நிராகரித்தார்கள். மலை மாநிலங்கள் ஆதரித்தன, பெரிய நகரங்கள் எதிர்த்தன. பிறகு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2023 டிசம்பரிலிருந்து, ஆடுகளை அடிக்கும் முன்பே அரசு அனுமதியோடு ஓநாயைச் சுடலாம். வேட்டைக்கும் இதே கதைதான். 1974இல் ஜெனிவா மக்கள் வாக்களித்து வேட்டையையே நிறுத்திவிட்டார்கள். 2018இல் சூரிச்சில் அப்படியொரு யோசனை வந்தபோது சுமார் 84 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

என்னைக் கேட்டால், இங்கே வேட்டையின் எதிர்காலம் நகரத்து மக்கள் வேட்டைக்காரரை நம்புவதில்தான் இருக்கிறது. ஓநாயையே ஒழிக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் அந்த நம்பிக்கையைக் கெடுக்கிறார்கள். நாளை குடியுரிமை கிடைத்தால் நமக்கும் வாக்குச்சீட்டு வரும். இப்போதே இரண்டு பக்கமும் கேட்டு வையுங்கள்.

சரி, நடைப்பயணம் போகிறவர்களுக்கு ஒன்று. ஓநாய்க்குப் பயந்து பல மேய்ச்சல் நிலங்களில் பெரிய வெள்ளைக் காவல் நாய்களை விட்டிருக்கிறார்கள். குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள், கம்பை ஓங்காதீர்கள். நின்று, அது அடங்கியதும் மந்தையைச் சுற்றி விலகிப் போங்கள். சைக்கிள் என்றால் இறங்கித் தள்ளுங்கள். உங்கள் நாயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எந்தெந்த மேய்ச்சல் நிலத்தில் இந்த நாய்கள் இருக்கின்றன என்பது மத்திய அரசின் இணைய வரைபடத்தில் இருக்கிறது. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.