தினமும் 40 கிலோமீட்டர் சென்னை நெரிசலில் ஓட்ட, ஒரு லட்சத்துக்குள் நம்பகமான பைக் எது?

முடிச்சூர்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பெருங்களத்தூர்ப் பக்கமிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் ஜி.எஸ்.டி. சாலை வழியாகப் போய்வருகிறேன்; ஒரு வழிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வரும். மின்சார ரயில் இருக்கும்போது பைக் எதற்கு என்று கேட்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குப் பிரிவில் இருப்பதால் பகலில் வங்கிக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்குமாக ஈக்காட்டுத்தாங்கல், அம்பத்தூர் என்று அலைய வேண்டியிருக்கிறது.

இப்போது ஓட்டுவது அப்பாவின் பழைய வண்டி. அதன் 15 ஆண்டுப் பதிவு விரைவில் முடிகிறது என்பதால் புதிது வாங்க எண்ணுகிறேன். வரி, காப்பீடு எல்லாம் சேர்த்த ஆன்-ரோடு விலை ஒரு லட்சத்துக்குள் இருந்தால் நல்லது. சற்றுத் தாண்டினாலும் சமாளிக்கலாம். ஸ்ப்ளெண்டர் பிளஸ், ஷைன் 100, ஷைன் 125, ரைடர் ஆகிய நான்கும் மனத்தில் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள் மனைவியைக் குரோம்பேட்டையில் இறக்கிவிட வேண்டும். வேகமோ அழகோ முக்கியமில்லை; வழியில் நிற்கக் கூடாது, கை வலிக்கக் கூடாது, கையைக் கடிக்கவும் கூடாது. எதை வாங்கலாம்?

ஸ்பேனர்செட் எழுதியது:

தம்பி, நான் பல்லாவரம் பகுதியில் பட்டறை வைத்திருப்பவன் என்பதால் பட்டறையில் பார்ப்பதை வைத்தே சொல்கிறேன். உங்கள் பட்டியலில் தலைவலி மிகக் குறைந்தது ஸ்ப்ளெண்டர்தான். 1994இல் அந்தப் பெயரில் முதல் வண்டி வந்ததிலிருந்து இன்றுவரை 97.2 சி.சி. என்ஜினின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. அதனால் அதைப் பிரித்துப் பழகாத மெக்கானிக்கோ, அதன் கிளட்ச் பிளேட்டையும் கேபிளையும் வைத்திருக்காத ஸ்பேர் பார்ட்ஸ் கடையோ தாம்பரம் முதல் கிண்டி வரை இருக்க வாய்ப்பில்லை. வண்டி நிற்காமல் இருப்பது மட்டும் நம்பகம் ஆகாது. நின்றால் அரை மணி நேரத்தில் மறுபடி ஓடுவதும் அதில் சேரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்ப்ளெண்டரிலும் ஷைனிலும் செயின் முழுவதும் தகரக் கவருக்குள் இருக்கிறது. நம் சாலைகளில் தோண்டிப் போட்ட மண்ணும் மழைச்சேறும் திறந்த செயினை எவ்வளவு விரைவாகத் தின்னும் என்பது அதை மாற்றக் கொண்டுவருபவர்களுக்குத் தெரியும். பார்வைக்கு மிடுக்காக இருக்க வேண்டும் என்று செயினைத் திறந்துவிடும் வண்டிகளை வாங்கினால், 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விடும் பொறுமையும் உங்களுக்கு இருக்க வேண்டும்.

முடிச்சூர்ப் பக்கம் என்று பெயரிலேயே சொல்லிவிட்டீர்கள். அடையாறு பெருகினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சைலன்சர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் நின்ற வண்டியை எக்காரணம் கொண்டும் செல்ஃப் அழுத்திப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தால், பிளக்கைக் கழற்றிக் கிக்கரை மெதுவாக மிதித்துத் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருந்தால் அதையும் மாற்றிக் கொடுத்துவிடுவோம். இந்த வேலை எல்லா வண்டிக்கும் ஒன்றுதான் என்றாலும், 100 சி.சி. வண்டியில் செலவு குறைவு.

கத்திப்பாரா125 எழுதியது:

மேலே எழுதிய ஐயா சொன்ன உதிரிபாக விஷயத்தில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கேட்டவரின் பயணத்துக்கு 100 சி.சி. போதும் என்பதை ஏற்க முடியவில்லை. ஸ்ப்ளெண்டரின் திருப்புவிசை, அதாவது வண்டியை இழுக்கும் டார்க், சுமார் 8 நியூட்டன் மீட்டர். ஷைன் 125இன் திருப்புவிசை சுமார் 11. எடையிலோ இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும்போதும், பல்லாவரத்தில் பேருந்துக்குப் பின்னால் தேங்கித் தேங்கி நகரும்போதும், கியரைக் குறைக்காமல் இழுக்கும் வண்டிக்கும், ஒவ்வொரு முறையும் கிளட்ச்சைப் பிடித்து மிதிக்க வைக்கும் வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை மாலையில் உங்கள் இடது மணிக்கட்டே சொல்லிவிடும்.

மைலேஜ் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் என்று கொள்வோம். லிட்டருக்கு 60 கொடுக்கும் வண்டிக்கு 16.7 லிட்டர், 50 கொடுக்கும் வண்டிக்கு 20 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வேறுபாடு மாதத்துக்கு 330 ரூபாய்தான். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த இருக்கையில் உட்காரப் போகிறவருக்கு இந்தத் தொகை பெரிதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் பெரிதில்லை.

பிரேக்கையும் மறந்துவிடாதீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அல்லது சி.பி.எஸ். கட்டாயம் என்பதால், இந்த விலையில் வருபவற்றில் பெரும்பாலும் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ்.தான் இருக்கும். ஆனாலும் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறிய டிரம் பிரேக் சற்று நேரம் சரியாகப் பிடிக்காது, டிஸ்க் அப்படியில்லை. ஷைன் 125ஐ வாங்கினால் முன்சக்கரத்தில் டிஸ்க் உள்ள வகையையே வாங்குங்கள். ரைடர் ஓட்டுவதற்கு இனிமையான வண்டிதான். ஆனால் நீங்கள் கேட்காத வேகத்துக்கும் திரைக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பீர்கள்.

முடிச்சூர்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மணிக்கட்டு விஷயம் உண்மை. பழைய வண்டியின் கிளட்ச் கடினம் என்பதால் எனக்கு ஏற்கெனவே அந்தத் தொல்லை உண்டு. ஷைன் 125 பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் ஷோரூமில் எக்ஸ்-ஷோரூம் விலைக்கும் ஆன்-ரோடு விலைக்கும் இடையே இருபதாயிரத்தைத் தாண்டிச் சொல்கிறார்கள். அது நியாயமானதா? மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடிய 125ஐ வாங்குவது புத்திசாலித்தனமா?

படிவம்30 எழுதியது:

விலைப்பட்டியலை வரிவரியாக எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள், நண்பரே. வாய்வார்த்தையாகச் சொல்லும் மொத்தத் தொகையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. இது எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். அதற்கு மேல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் வரையுள்ள புதிய இருசக்கர வண்டிக்கு 10 விழுக்காடும், அதைத் தாண்டினால் 12 விழுக்காடும் வாழ்நாள் வரி. ஆகவே எட்டாயிரம் ரூபாய் அளவுக்கு அரசுக்குப் போவது நியாயம்தான்.

அடுத்தது காப்பீடு. புதிய வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும்; 2022இல் அறிவித்த கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு அது 3,851 ரூபாய், வரி தனி. சொந்தச் சேதக் காப்பீட்டை ஓர் ஆண்டுக்கு எடுத்தால் போதும். அதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், வெளியில் விலை கேட்டுவிட்டுப் பேரம் பேசலாம். வேறு வண்டியின் காப்பீட்டில் 15 லட்ச ரூபாய்க்கான உரிமையாளர் விபத்துக் காப்பு ஏற்கெனவே இருந்தால் இங்கே மறுபடி கட்ட வேண்டியதில்லை.

மீதியுள்ள “ஹேண்ட்லிங்”, “பாலிஷ்”, “ஆக்சசரீஸ் கிட்” ஆகியவற்றுக்கும் அரசுக்கும் தொடர்பில்லை. வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். எடுக்க மறுத்தால் அடுத்த ஷோரூமுக்குப் போங்கள், இதே வண்டியை விற்பவர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் வேறு எவரும் இல்லையா என்ன? வண்டியோடு ஹெல்மெட் தர வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. அதையும் கேட்டு வாங்குங்கள்.

பழைய வண்டி என்றால் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை ஹேண்டிலுக்குக் கீழே கழுத்தில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் நிலுவை அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள். கடனில் வாங்கிய வண்டியாக இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35உம் கைக்கு வராமல் முழுப்பணத்தையும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து உங்கள் கண்முன்னே விழட்டும். பெயர் மாற்றத்தோடு நின்றுவிடாமல், காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

ஸ்பேனர்செட் எழுதியது:

125 என்று முடிவானால் எனக்கு வருத்தமில்லை, தம்பி. பட்டறைக்கு அதுவும் பழகிய வண்டிதான். பழையது வாங்குவதாக இருந்தால் 2020 ஏப்ரலுக்குப் பின் பதிவான, பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியாகப் பாருங்கள். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பார்ப்பதாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப்புகை வருகிறதா என்று பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஹேண்டிலை மெதுவாக இருபுறமும் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் சிக்கினால் ஹேண்டில் கழுத்தில் உள்ள பேரிங்கான கோன் செட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசலாம். வண்டியின் சட்டம் (ஃபிரேம்) வளைந்து நிமிர்த்திய அடையாளம் தெரிந்தால் பேரமே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

புதியதோ பழையதோ, பெட்ரோலை மின்பம்பால் செலுத்தும் இந்த இஞ்செக்‌ஷன் வண்டிகளில் இரண்டு பழக்கங்கள் வேண்டும். பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டால் கிக்கரை மிதித்தாலும் பம்பு ஓடாது என்பதால், நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனால் யாரையாவது இடையிடையே ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லுங்கள். டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைநீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். அது தூசியால் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே கசியும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த நீரை இழுத்துக்கொண்டு அடியில் போய்த் தங்கும், வண்டி நடுச்சாலையில் இருமி நிற்கும். ஐப்பசி பிறப்பதற்குள் மெல்லிய கம்பி ஒன்றால் அந்தத் துளையைக் குத்தி விட்டுவிடுங்கள்.