கருப்பட்டிக் கடைக்குத் தானாக மாறும் விலை

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவருக்கு ஆன்லைன் கடையின் பேக்கெண்டை (திரைக்குப் பின்னால் கணக்குப் பார்க்கும் நிரலை) நான்தான் எழுதிக் கொடுத்தேன். இதே மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் பகிர்கிறேன்.

விலையைக் கம்ப்யூட்டரே மாற்ற வேண்டும் என்று கேட்டது அவர்தான். பங்குனி வாக்கில் பதநீர் இறங்க ஆரம்பித்தால் கருப்பட்டி வரத்து கூடி விலை தணியும். ஐப்பசி மழையில் வரத்தும் இருக்காது, கையிருப்பும் ஈரம் இழுத்துக் கசியும், விலை ஏறிவிடும். ஒவ்வொரு தடவையும் மகனைக் கூப்பிட்டு, சில்லுக் கருப்பட்டி, சுக்குக் கருப்பட்டி என்று ஒவ்வொன்றாக விலை மாற்றச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது.

போட்டிக் கடையின் விலையைப் பார்த்து ஒரு ரூபாய் குறைத்துப் போடும் முறையைப் பலர் சொன்னார்கள். நான் அதைத் தொடவே இல்லை. சீனி கலந்த சரக்கின் விலையோடு சுத்தமான கருப்பட்டி போட்டி போட முடியாது. அதோடு 2011இல் அமேசானில் நடந்தது தெரிந்ததுதானே. ஈக்களைப் பற்றிய ஓர் உயிரியல் புத்தகத்துக்கு இரண்டு பேர் தானியங்கி விலை வைத்திருந்தார்கள். ஒருவர் மற்றவர் விலையில் 0.9983 மடங்கு, இன்னொருவர் சுமார் 1.27 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1க்கு மேல் வருவதால் சுற்றுக்குச் சுற்று ஏறி, விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைத் தாண்டிப் போய்விட்டது. தடுக்க ஒரு வரம்பு கூட இல்லை.

அதனால் எங்கள் கணக்கு அடக்கவிலையில் தொடங்கும். மகன் கொள்முதல் விலையைப் போனில் பதிவார். கையிருப்பின் சராசரி அடக்கம், பேக்கிங், லாபம் எல்லாம் சேர்ந்து புது விலை வரும். அடக்கத்துக்குக் கீழே இறங்காது. ஒரு நாளில் 3 சதவீதத்துக்கு மேல் நகராது. பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யையும் தாண்டாது, அதற்கு மேல் விற்பது சட்டப்படியே தவறு. கணக்கு இந்த எல்லைகளில் எதில் முட்டினாலும் விலை அப்படியே நின்று, அண்ணாச்சிக்கு ஒரு மெசேஜ் போகும். முடிவு அவருடையது.

விலையை ரூபாயில் தசமமாக வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வைத்தேன். பழைய விலையை அழிப்பதில்லை. ஒவ்வொரு மாற்றமும் தரவுத்தள டேபிளில் ஒரு புது வரி: எந்தப் பொருள், எத்தனை பைசா, எப்போது முதல், என்ன காரணம். எனக்கு ரொம்பப் பிடித்தது காரணம் எழுதும் இந்தக் கட்டம்தான். வாடிக்கையாளர் போன் செய்து ஏன் ஏறியது என்று கேட்டால், மகன் அந்த வரியைப் பார்த்து “கொள்முதல் ஏறியிருக்கு” என்று உள்ளதைச் சொல்லிவிடலாம்.

கூடையில் போட்ட பொருளின் விலை எப்படி இருக்க வேண்டும் என்று அண்ணாச்சியிடமே கேட்டேன். “தம்பி, ராத்திரி ஒரு வெலயப் பாத்துட்டுப் படுத்தவங்க, காலைல பணம் கட்டும்போது வேற வெல இருந்தா நம்மள என்ன நெனைப்பாங்க? சொன்னது சொன்னதுதான்” என்றார். சரி, கூடையில் விழுந்த விலை 24 மணி நேரத்துக்கு ஏறாது. இடையில் குறைந்தால் குறைந்த விலைதான். பிரவுசர் அனுப்பும் விலையை நம்பாமல், கட்ட வேண்டிய தொகையை சர்வரே கணக்கிடும். ஆர்டர் ஆனதும் அந்த விலை ஆர்டரிலேயே பதிவாகிவிடும். பணம் திருப்ப வேண்டி வந்தாலும் அதுதான் கணக்கு. விடியுமுன் விலை மாறும்போதே கேஷையும் (cache, பக்கம் வேகமாகத் திறக்க எடுத்து வைத்த பழைய நகல்) அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு விலையும் பில்லில் ஒரு விலையும் நிற்கும்.

ஆளைப் பார்த்து விலை வைக்கும் வசதியை எழுதவே மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கூரியர் செலவு தூரத்துக்குத் தக்கபடி மாறலாம். சரக்கின் விலை சென்னைக்காரருக்கும் திசையன்விளைக்காரருக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது பத்தமடைப் பாய் விற்கும் ஒருவர் இதையே கேட்கிறார். உங்களுக்கு இது தேவைப்படாது என்றேன். நுணுக்கமான பட்டுப் பாய் ஆர்டர் வந்த பிறகு வாரக்கணக்கில் நெய்வது. விலை நெசவுக்கு முன்பே பேசி முடிவாகிவிடும். ஆர்டர் படிவமும் முன்பணம் வாங்கும் வசதியும் அவருக்குப் போதும்.