புதுப்பிப்பு: பழைய குற்றப் பதிவுகளில் சிதைந்த பெயர்கள் சரியாகிவிட்டன

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி பக்கத்துப் பழைய குற்றப் பதிவுகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றினால் தமிழ்ப் பெயர்கள் சிதைகின்றன என்று போன மாதம் கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

‘குறியாக்கம் (எழுத்தைக் கணினியில் எண்ணாகச் சேமிக்கும் முறை) ஒன்றல்ல, இரண்டாக இருக்கும், பதிவு பதிவாகப் பிரியுங்கள்’ என்று ஒரு நண்பர் சொன்னதுதான் பலித்தது. 1999இல் வந்த டாம், டாப் என்ற தமிழ்க் குறியாக்கங்கள் இரண்டும் கலந்திருந்தன. தனித்தனியாக, இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றியதும் சரி.

எதிர்பாராதது அப்புறம் வந்தது. பழைய பதிவில் பிரிவு எண் மட்டுமே, சட்டத்தின் பெயர் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தில் 302 என்றால் கொலை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்கு 103. அங்கே 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. பழைய எண்ணைப் புதிய சட்டத்தின் எண்ணாகப் படித்தால், ஒருவர் வாழ்க்கையையே பாதிக்கிற பிழை அது. சட்டப் பெயருக்குத் தனிப் புலம் சேர்த்தோம். பழைய எண்களைத் தொடவில்லை.