தூர்வாரும்போது கிடைத்த பாலாமைகளையும் முட்டைகளையும் என்ன செய்வது?

கேள்வி – சேரன்மகாதேவி வாசகர்

எங்கள் ஊர்க் குளத்தில் தூர்வாரும் பணி நடக்கிறது. கரையோரச் சேற்றைப் பொக்லைன் அள்ளியபோது நான்கு பாலாமைகள் (குளத்துச் சேற்றில் வாழும் ஒரு நன்னீர் ஆமை வகை) வெளிவந்தன. மூன்று நலமாக உள்ளன. ஒன்றின் முதுகோட்டில் விரிசல் விழுந்து இரத்தம் கசிகிறது. மேட்டு மண்ணில் உருண்டையான முட்டைகளும் சில இருந்தன. எல்லாவற்றையும் சிமெண்டுத் தொட்டியில் வளர்த்து, குஞ்சுகள் பெரிதானதும் தாமிரபரணியில் விடலாம் என்றும், வடநாட்டுச் சம்பல் ஆற்றில் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். இது சரியா?

பதில் – கால்நடை மருத்துவர், பாளையங்கோட்டை

விரிசல் பட்டதைத் தண்ணீரில் விடாதீர்கள். ஆமையின் நுரையீரல் முதுகோட்டின் உட்புறத்தை ஒட்டியே இருப்பதால், உடைந்த ஓட்டின் வழியே குளத்துநீர் புகுந்தால் உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவ உப்புநீரால் காயத்தைக் கழுவி, சுத்தமான ஈரத்துணி விரித்த, காற்றுப் புகும் பெட்டியில் நிழலில் வையுங்கள். கடையில் கிடைக்கும் பசையால் விரிசலை அடைக்க வேண்டாம். கிருமி உள்ளேயே சிக்கிச் சீழ் வைக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே ஓட்டைச் சேர்ப்பது பற்றி முடிவு செய்ய முடியும். ஓடு கூடிவரப் பல மாதங்கள் ஆகும் என்பதால், இது வீட்டுத் தொட்டியில் ஆகக்கூடிய வேலை அன்று.

பதில் – பிசானம்

அண்ணாச்சி, நலமாக உள்ள மூன்றையும் வளர்க்க வேண்டிய தேவையே இல்லை. கோடையில் குளம் வற்றினால் பாலாமை சேற்றுக்குள் புதைந்து, மழை வரும்வரை அசையாமல் கிடக்கும். அதைத் தவிக்கிறது என்று எண்ணி நாம் தூக்கி வருவதுதான் தொல்லை. மேலும் பாலாமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ளது. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். வனச்சரக அலுவலர் முன்னிலையில், அதே குளத்தில் பொக்லைன் போகாத பகுதியில் அவற்றை விடச் சொல்லுங்கள்.

சம்பலின் கதை வேறு. அங்குள்ள பட்டகூர் கச்சுகா ஆமை மணல்திட்டில் முட்டையிடுகிறது. மணல் அள்ளுவதாலும் நரிகள் தோண்டுவதாலும் முட்டைகள் அழிவதால்தான், அவற்றைக் காப்பிடத்தில் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை வளர்த்து விடுகிறார்கள். நம் குளங்களிலோ வலையும் தூண்டிலும் இறைச்சிக்காகப் பிடிப்பதும் வளர்ந்த ஆமையையே கொண்டுபோகின்றன. பெரிய ஆமைகள் தொடர்ந்து சாகும் இடத்தில் முட்டைகளையும் குஞ்சுகளையும் எத்தனை காத்தாலும் இழப்பு ஈடாகாது என்பதைக் கடலாமைகளைக் கொண்டு 1987இல் வெளியான ஆய்வே காட்டிவிட்டது. தொட்டி கட்டும் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணியில் விடுவதும் வேண்டாம். தொட்டியில் பலவற்றோடு கிடந்த ஆமை, வெளியே தெரியாத நோயை ஆற்றுக்குள் கொண்டுபோகக்கூடும்.

பதில் – மீண்டும் மருத்துவர்

முட்டைகளைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டத் தொடங்கும். பின்னர் புரட்டினால் செத்துப்போகலாம். ஆகவே பென்சிலால் மேற்புறத்தில் குறியிட்டு, அதே நிலையில், எடுத்த மண்ணோடு வனத்துறையிடம் ஒப்படையுங்கள். பாலாமை முட்டை பொரியப் பல மாதங்கள் பிடிக்கும். ஒரு மாதத்தில் குஞ்சு வரவில்லை என்று உடைத்துப் பார்த்துவிட வேண்டாம்.

பதில் – சேரன்மகாதேவி வாசகர்

மிக்க நன்றி. வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டேன். காயம்பட்டதைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவருகிறோம். வடக்கு மூலையில் உள்ள சேற்றைத் தொடாமல் விட்டு, மீதியைப் பகுதி பகுதியாகத் தோண்டும்படி ஒப்பந்தக்காரரிடம் பேச நாளை ஊராட்சித் தலைவரோடு போகிறேன்.