மறுமொழி: ரேம் சேர்த்தபின் இறங்கும் வேகத்துக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியில் ரேமை (தற்காலிக நினைவகத்தை) கூடுதலாகச் சேர்த்தபின் அது ஓடும் வேகம் சில வேளைகளில் இறங்கிவிடுகிறது. அந்த வேகத்தைத் தமிழில் என்னவென்று சொல்வது என்பதே கேள்வி. இந்த இழையில் இதுவரை ‘பலகைத்தடை வேகம்’, ‘குறைவேகம்’, ‘இயங்குவேகம்’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. முதல் இரண்டும் கைவிடத்தக்கவை என்பது என் கருத்து. மூன்றாவது நல்ல சொல்தான், ஆனால் இந்த இடத்துக்குப் போதாது. நான் முன்வைப்பது ‘இசைவு வேகம்’. காரணங்களை எழுதுகிறேன்.

> தாய்ப்பலகைதானே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது? அதைப் பெயரிலேயே வைத்துவிட்டால் படிப்பவருக்குக் காரணமும் விளங்கிவிடுமே.

காரணம் தவறாக விளங்கிவிடும் என்பதுதான் என் அச்சம். ரேமோடு தரவுப் போக்குவரத்தை நடத்தும் நினைவகக் கட்டுப்படுத்தி ஒரு காலத்தில் தாய்ப்பலகையின் சில்லில்தான் இருந்தது. ஏஎம்டி 2003இல் அத்லான் 64 செயலியிலும் (சிபியூ), இன்டெல் 2008இல் நெகலம் வரிசையிலும் அதைச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. இன்று கணினியைத் தொடக்கும்போது நடப்பது வேறு. ஒவ்வொரு ரேம் அட்டையிலும் உள்ள சிறு சில்லு, தன்னால் எந்தெந்த வேகங்களில் ஓட முடியும் என்று அறிவிக்கிறது. கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் அதைப் படிக்கிறது. செயலி எவ்வளவு தாங்கும், பலகை எவ்வளவுக்கு இடம் தரும், எத்தனை செருகுவாய்கள் நிரம்பியிருக்கின்றன என்பதையெல்லாம் பொருத்திப் பார்த்து ஒரு வேகம் முடிவாகிறது. 3200 வேகத்துக்கான அட்டையோடு 2666 வேகத்துக்கான அட்டையைச் சேர்த்தால் (அலகைப் பிறகு சொல்கிறேன்) இரண்டும் 2666க்கு இறங்கும்.

பலகையே நேரடியாக வரம்பு கட்டும் இடங்களும் உண்டு. இன்டெல் ஐ5-10400 செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். பி460 பலகையில் 3200 ரேமைச் செருகினாலும் 2666தான் கிடைக்கும். அதே செயலியை, அதே ரேமை இசட்490 பலகைக்கு மாற்றி, பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் உறையில் அச்சிட்ட வேகத்தில் ஓடவிடும் அமைப்பை) இயக்கினால் 3200 கிடைக்கும். இங்கே ‘பலகைத்தடை’ சரியான சொல். ஆனால் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்கு அந்நிறுவனமே தரும் கணக்கைப் பாருங்கள்: டிடிஆர்5 தலைமுறை ரேம் அட்டை இரண்டு என்றால் 5200, நான்கு என்றால் 3600. பலகை மாறவில்லை, ரேமின் தரமும் மாறவில்லை. ஒரே தடத்தில் (செயலிக்கும் ரேமுக்கும் இடையே தரவு செல்லும் வழியில்) இரண்டு அட்டைகளைத் தொங்கவிடும்போது மின்குறிகை கலங்குகிறது. அதைக் கட்டுப்படுத்தி நம்பகமாகப் படிக்க வேண்டுமானால் வேகத்தைத் தணித்தாக வேண்டும். கொள்ளளவை இரட்டிப்பாக்கப் பணம் செலவழித்தவர் இதைக் கண்டு திகைத்துப்போய்க் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார். அவருக்கு நடந்ததைச் சொல்ல நம்மிடம் ஒரு சொல் இருந்தாக வேண்டும், அதுவும் பலகைமீது பழி போடாத சொல்லாக.

‘குறைவேகம்’ இதைவிடத் தீங்கானது. வேகம் குறைந்தால் கணினி மந்தமாகிவிடும் என்று அது எண்ண வைக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒற்றை 3200 அட்டை, ஒரு தடத்தில், நொடிக்கு 25.6 கிகாபைட் வரை தரும். பக்கத்தில் 2666 அட்டை ஒன்றைச் சரியான செருகுவாயில் போட்டு இரட்டைத் தடமாக்குங்கள். வேகம் 2666க்கு இறங்கிவிட்டது. ஆனால் மொத்தக் கடத்துதிறன் ஏறத்தாழ 42.7 கிகாபைட்டாக உயர்ந்துவிட்டது! இதைக் ‘குறைவேகம்’ என்று எழுதினால், புது ரேமைக் கழற்றி எடுத்துவிடும்படி நாமே சொன்னதாகும்.

‘இயங்குவேகம்’ மின்விசிறிக்கும் வட்டுக்கும் செயலிக்கும் பொதுவானது. அதைப் பொதுச்சொல்லாகவே வைத்துக்கொள்வோம். இங்கே நமக்கு வேண்டியது, பல உறுப்புகளும் ஒத்துக்கொண்ட வேகம் என்ற பொருள். ‘இசைதல்’ என்றால் உடன்படுதல். ‘இசைவு தெரிவித்தார்’ என்று நாளிதழ்களில் அன்றாடம் படிக்கிறோம், ஆகவே புதிதாக யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. பாட்டோடு குழப்பிக்கொள்வார்களோ என்ற ஐயம் எனக்கும் வந்தது. ‘இசைவேகம்’ என்று சுருக்கினால் குழப்பம் வரும். ‘இசைவு வேகம்’ என்று முழுதாக எழுதினால் வராது.

இதற்கு இணையாக, ரேம் அட்டை தெரிவிக்கும் வேகத்தை ‘அறிவிப்பு வேகம்’ எனலாம். உறையில் 3600 என்று அச்சிட்டிருந்தாலும், எக்ஸ்எம்பியை இயக்காதவரை பெரும்பாலான அட்டைகள் 2133, 2400, 2666 போன்ற ஏதோவொரு தரநிலை வேகத்தில்தான் ஓடும். ஆகவே அறிவிப்பு வேகம் ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கலாம், இசைவு வேகம் ஒன்றுதான். கையேட்டில் வைத்துப் பார்க்கிறேன்: “நான்கு செருகுவாய்களும் நிரம்பும்போது இசைவு வேகம் அறிவிப்பு வேகத்தைவிடக் குறையக்கூடும்.” தடையின்றிப் படிக்க முடிகிறது.

அலகைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பழைய மொழிபெயர்ப்புகளில் 3200 மெகாஹெர்ட்ஸ் என்றே இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். டிடிஆர் வகையில் கடிகாரத் துடிப்பின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் தரவு செல்கிறது. எனவே கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ், தரவு நொடிக்கு 3200 மெகாபெயர்வு (தரவு ஒருமுறை கடத்தப்படுவது ஒரு பெயர்வு). கண்காணிப்பு மென்பொருள் 1600 என்று காட்டுவதைப் பார்த்து, ரேம் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று பதறுபவர்கள் ஏராளம். ‘பெயர்வு’ பிடிக்காதவர்கள் வேறு சொல் தாருங்கள், ஏற்கிறேன். ஹெர்ட்ஸ் மட்டும் வேண்டாம்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. நான் மேலே ‘தடம்’ என்று எழுதியதை உங்கள் பாடநூல் வழக்கில் ‘வாய்க்கால்’ என்பீர்களா? அதிர்வெண்ணுக்கு நீங்கள் மீடிறன் என்று எழுதுவதால், கலைச்சொல் பதிவில் இரு நாட்டு வழக்குகளையும் தரவே விரும்புகிறேன். மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு ஒரு முழு வாக்கியத்தையும் எழுதி அனுப்புங்கள். தனிச்சொல்லாகப் பார்க்கும்போது எல்லாமே அழகாகத்தான் தெரிகின்றன.

அன்புடன்