தறி வேஸ்டை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் அடைத்தால் வெக்கை குறையுமா?

அம்மாப்பேட்டை மாடிவீடு:
வணக்கம். எங்களுடையது சேலம் அம்மாப்பேட்டையில் மேல்மாடி வீடு, கான்கிரீட் தளம், மேலே தட்டோடுகூடப் பதிக்கவில்லை, வெறும் சிமெண்ட் பூச்சுதான். சித்திரை, வைகாசியில் நடுராத்திரியிலும் தளம் சுடுகிறது, ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்குகிறது. தெருவின் இரண்டு பக்கமும் தறிப்பட்டறை, வேஸ்ட் நூலும் துண்டுத் துணியும் மூட்டை மூட்டையாக வெளியே போகின்றன. வெளிநாட்டில் பழைய ஜீன்ஸை அரைத்துச் சுவருக்குள் வைக்கிறார்கள் என்று ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து இதே யோசனை. படுக்கையறைக்கு எப்படியும் ஜிப்சம் சீலிங் போடப்போகிறேன், அதற்கு மேல் இந்த வேஸ்டையே அடைத்தால் என்ன? வீட்டில் "எலி குடிவந்துவிடும்" என்கிறார்கள்.

சூரமங்கலம் சைட் இன்ஜினியர்:
தாராளமாக வேலை செய்யும். இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. நன்றாகப் பிரித்த பஞ்சுப் பாயின் வெப்பக் கடத்தல் எண் 0.04 பக்கம் வரும், தெர்மாகோல், கிளாஸ் வூல் எல்லாம் ஏறக்குறைய அதேதான், கான்கிரீட்டுக்கோ 1.5க்கும் மேல். 6 அங்குலத் தளத்தின் யூ மதிப்பு, அதாவது தளத்தைத் தாண்டி வெப்பம் இறங்கும் அளவு (குறைந்தால்தான் நல்லது), 3ஐத் தாண்டும், அடியில் 2 அங்குலம் பஞ்சு வைத்தால் கணக்குப்படி 0.7 பக்கம் இறங்கிவிடும். வீடுகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த 2018இல் வந்த மத்திய அரசு விதித்தொகுப்பான எகோ நிவாஸ் சம்ஹிதா கூரைக்கு 1.2 வரைதான் அனுமதிக்கிறது. ஆனால் துணியை அப்படியே திணித்தால் இந்த எண் வராது, காற்றுக்கு இடமே இருக்காது. பிரித்துப் பொலபொலவென்று பரப்ப வேண்டும். 10க்கு 12 அறைக்கு 15 கிலோ பக்கம் போதும், அதனால் சீலிங் கம்பிக்குப் பெரிய பாரமில்லை.

இன்னொன்று, பஞ்சைத் தளத்துக்கு மேலே வைத்துப் பூசிவிடலாம் என்று யாராவது மேஸ்திரி சொன்னால் கேட்காதீர்கள், ஒரே மழையில் ஊறிவிடும். நனைந்த பஞ்சு வெப்பத்தைத் தடுக்காது.

குகை வேஸ்ட் கடை:
இன்ஜினியர் சொல்வது சரி, ஆனால் சரக்கு எது என்று யாரும் கேட்கவில்லையே. சுத்தமான காட்டன் வேஸ்ட் சும்மா கிடைக்காதுங்க, ஓப்பன் எண்ட் மில்களுக்கு மறுபடி நூலாக்கப் போகிறது, அதற்கென்று விலை இருக்கிறது. சும்மா கொடுப்பது பெரும்பாலும் பாலியஸ்டர், இல்லையென்றால் கலப்பு. அதிலும் நல்லது உண்டு: சாதாரண ஈரப்பதத்தில் காட்டன் காற்றிலிருந்தே தன் எடையில் 8.5 சதவீதம் பக்கம் ஈரம் இழுக்கும், பாலியஸ்டர் 0.4தான். ஆனால் தீப்பிடித்தால் காட்டன் கருகும், பாலியஸ்டர் உருகிச் சொட்டும், சொட்டுகிற இடமெல்லாம் எரியும். தறியில் எண்ணெய் பட்ட வேஸ்டைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். பிரிப்பதற்கு மெத்தைக் கடையில் கேட்டுப் பாருங்கள், நூல் வேஸ்டைப் பிரித்துத் தரக்கூடும், துணித் துண்டு அந்த மிஷினில் ஓடாது.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
தீக்கும் பூச்சிக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறது அண்ணா, நம் வெள்ளிப் பட்டறையில் துண்டுகளை ஒட்டவைக்கப் போடுகிற வெங்காரம், அதாவது போராக்ஸ். அதையும் போரிக் ஆசிட்டையும் வெந்நீரில் கரைத்து பஞ்சில் தெளித்து, நன்றாக வெயிலில் காயவைக்க வேண்டும். வெங்காரம் தீ பரவுவதைக் குறைக்கும், போரிக் ஆசிட் உள்ளே கனன்றுகொண்டே இருப்பதைத் தடுக்கும், கரையானும் அண்டாது. பிரான்சில் லெ ரிலே அமைப்பு பழைய துணியில் செய்கிற மெத்திஸ் பாய்க்கும் தீ, பூஞ்சை, பூச்சிக்கு மருந்திட்டுத்தான் விற்கிறார்கள். எலிக்கு இது போதாது, ஓட்டையை அடைப்பதுதான் வழி. தெளிக்கும்போது முகமூடி போடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

ஏற்காடு காபித் தோட்டம்:
இதைப் படித்துவிட்டு மலையில் யாரும் அப்படியே செய்துவிடாதீர்கள். இங்கே பிரச்சினை வெயில் அல்ல, பனிமூட்டம். வீட்டுக்குள் சமையல் ஆவியும் மூச்சுக் காற்றும் மேலே ஏறிக் குளிர்ந்த தகர ஷீட்டில் பட்டு நீராகும், நடுவில் காட்டன் இருந்தால் அது அப்படியே குடித்துவிடும், அப்புறம் பூஞ்சை வாடைதான். அறைப் பக்கம் பாலித்தீன் தாள், ஷீட்டுக்கு அடியில் காற்றோட்டமான இடைவெளி, இரண்டும் இல்லாமல் தொடவே கூடாது.

அம்மாப்பேட்டை மாடிவீடு:
எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் மாடியில் வெள்ளை அடிப்பது வீண்தானா? பக்கத்து வீட்டில் அடித்திருக்கிறார்கள்.

சூரமங்கலம் சைட் இன்ஜினியர்:
வீணா? அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். பஞ்சு கீழே இருந்தாலும் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடிக்கத்தான் செய்யும், வெள்ளை அடித்தால் அந்த வெயிலில் பெரும்பங்கு திரும்பிப் போய்விடும், செலவும் குறைவு. இந்தக் கோடைக்கு அதை மட்டும் செய்து பாருங்கள், போதவில்லையென்றால் பஞ்சு. பஞ்சு வைத்தால் கீழே ஜிப்சம் போர்டுதான், பிவிசி சீலிங் கூடாது. டவுன் லைட், வயர் ஜாயின்ட், ஃபேன் பாக்ஸ் இருக்கிற இடங்களைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டு, அட்டையால் அல்ல, தகரத்தில் வளையம் போட்டுத் தடுத்துவிட்டு அப்புறம் பரப்புங்கள்.