டேப்புக்குள் கருகிய இணைப்பு: உங்கள் அனுபவம் என்ன?

மின்மினி:
இரண்டு நாளாகக் குளியலறைப் பக்கம் மீன் வாடை. எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று பரண் வரை தேடினோம். கீசர் ஓடும்போது மட்டும்தான் வாடை வருகிறது என்று கண்டுபிடித்தவர் என் மாமியார். மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகு ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தேன். வயர்களை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்று. டேப் உருகிப் பிசினாகியிருந்தது. உள்ளே செம்பு கரியாகக் கிடந்தது. எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) ஏன் விழவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இனி எந்தக் கனெக்டர் போடுவது?

பழைய பிளையர்:
விழாது. எம்.சி.பி.க்கு மின்னோட்டம் அளவு மீறியதா என்பதுதான் கணக்கு; இணைப்பு சுடுவது அதற்குத் தெரியாது. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த முறுக்கில் வெறும் 0.1 ஓம் மின்தடை இருந்தாலே அந்த ஒரு புள்ளியில் ஏழரை வாட் சூடு பிறக்கும். சூட்டில் செம்பு கறுக்கும், கறுத்தால் மின்தடை ஏறும், ஏறினால் இன்னும் சுடும்.

டேப்பைத் திட்டிவிட்டு நானும் ஒரு தப்பைச் செய்தவன்தான். பல இழை வயரின் நுனி பிரியாமல் இருக்கட்டும் என்று ஈயம் பூசி, ஸ்க்ரூ கனெக்டரில் இறுக்கினேன். பார்க்க அவ்வளவு நேர்த்தி. சில மாதம் கழித்து விளக்கு சிமிட்டியது. திறந்தால் ஸ்க்ரூ லொடலொட. அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்லப் பிதுங்கிவிடும் என்பது அன்றுதான் மண்டையில் ஏறியது. இப்போது இழை வயர் என்றால் அளவுக்கேற்ற பெர்ரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழல்) மாட்டி, கிரிம்பிங் கருவியால் நசுக்கிய பிறகே ஸ்க்ரூவில் விடுகிறேன்.

ஏணி:
எனக்கு நெம்புகோல் வைத்த கனெக்டர்தான் பிடிக்கும். வாகோ நிறுவனத்தின் 221 வரிசையில் ஒற்றைக் கம்பி, இழை வயர் இரண்டும் பிடிக்கும். சாதாரண அளவுக் கனெக்டரில் 4 சதுர மில்லிமீட்டர் வயர், 32 ஆம்பியர் வரை. அதே நிறுவனத்தின் 2273, வயரை அப்படியே குத்திச் செருகும் வகை. அது ஒற்றைக் கம்பிக்கு மட்டுமே. இது தெரியாமல் இழை வயரைத் திணித்து அரை மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். நுழையாமல் மடங்கி மடங்கி வந்தது. கனெக்டர் சரியில்லை என்று வேறு சொல்லித் திரிந்தேன்!

பிறகு மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயரில்லாத நகல் ஒரு பை வாங்கினேன். இரண்டாம் முறை தூக்கியபோதே நெம்புகோல் ஒடிந்து கையில் வந்தது. உடம்பில் வோல்ட்டும் ஆம்பியரும் வயர் அளவும் அச்சிடப்படாத கனெக்டரை அதன் பிறகு தொடுவதில்லை.

தாமிரன்:
பழைய கட்டடம் என்றால் அலுமினிய வயரா என்று முதலில் பாருங்கள். செம்போடு நேராக முறுக்கினால் நிலைக்காது. அதற்கென்று தயாரித்த கனெக்டர் தனியாக உண்டு.

பழைய பிளையர்:
இன்னொன்று. நான் பழுது பார்த்த இணைப்புகளில் ஒன்றில் ஸ்க்ரூ செம்பைத் தொடவே இல்லை, மேலுறையைக் கடித்துக்கொண்டு நின்றது. எந்தக் கனெக்டர் போட்டாலும் மாட்டியபின் ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள்.

மின்மினி:
நன்றி. கருகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, பளபளப்பான செம்பு வரும் வரை உரித்து, 221 மாட்டினேன். மூடுவதற்கு முன் பழைய பிளையர் ஐயா சொன்னபடி இழுத்தேன். மூன்றில் ஒன்று கையோடு வந்துவிட்டது. 11 மில்லிமீட்டர் உரிக்க வேண்டிய இடத்தில் எட்டுதான் உரித்திருக்கிறேன்.